நாலு பேர் என்ன சொல்வார்கள்?

நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வி ஒன்று உண்டு. மகன் எந்தப் படிப்பில் சேர்வது என்று பேசும்போதும், மகளுக்கு வரன் பார்க்கும்போதும், திருமணத்துக்கு எத்தனை சவரன் போடுவது என்று கணக்கிடும்போதும் அக்கேள்வி எழுகின்றது: "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" அத்துடன் பேச்சு முடிந்துவிடும். அதற்கு மேல் வாதமில்லை, மேல்முறையீடும் இல்லை.

இந்த நாலு பேர் யார்? பெயர் சொல்லுமாறு கேட்டால் நம்மில் எவராலும் சொல்ல இயலாது. நம் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட அவர்கள் வந்ததில்லை. நாம் மருத்துவமனையில் கிடந்தபோது இரவு விழித்திருந்தவர்களும் அவர்கள் அல்லர். எனினும் நம் வீட்டுத் தீர்ப்பை எழுதும் கோல் அவர்கள் கையில் இருக்கின்றது. அதைக் கொடுத்தவர் நாமே. இதை நாம் பணிவு என்றும் பண்பாடு என்றும் அழைத்து வந்திருக்கிறோம். அவ்வாறு அழைப்பது தவறு என்பதே இங்கு நாம் சொல்ல வந்தது. அத்தவறு எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதை அறிய நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை; நம் ஓசூரையும் கிருட்டிணகிரியையும் பார்த்தாலே போதும்.

எல்லையூர் தந்த வாக்குறுதி

ஓசூர் ஒரு காலத்தில் மாட்டுப் பண்ணைக்கும் குளிர்ந்த காற்றுக்கும் பெயர்பெற்ற சிற்றூர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980களில் அசோக் லேலண்டின் சரக்குந்துகளும், டி.வி.எஸ். மொபெட்டுகளும், டைட்டன் கடிகாரங்களும் இங்கிருந்து நாடெங்கும் சென்றன. 2004இல் கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. அண்மைக் காலத்தில் மின்சார ஸ்கூட்டர்களும் கைப்பேசி உறுப்புகளும் இம்மாவட்டத்தில் உருவாகின்றன. தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் ஆண்களும் பெண்களும் வந்து குவிந்தவண்ணம் உள்ளனர். ஏற்கெனவே தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் புழங்கிய ஊர் இது. சந்தையில் தக்காளி விற்கும் மூதாட்டி வாங்குபவரின் முகத்தைப் பார்த்து மொழியை மாற்றிக்கொள்வார். அதை எவரும் வியப்பதில்லை.

இத்தகைய ஊர் ஒரு வாக்குறுதியைத் தன்னுள் கொண்டிருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, இந்தியக் கிராமத்தைக் குறுகிய மனப்பான்மையும் வகுப்புவாதமும் தேங்கும் இடமாகக் கண்டு சாடினார். நகரமும் தொழிற்சாலையும் மனிதனைப் பிறப்பின் பிடியிலிருந்து விடுவிக்கும் என்று அவருக்குப் பின் பலரும் நம்பினர். சீருடை அணிந்து இயந்திரத்தின் முன் நிற்பவனிடம் அவன் எந்தத் தெருவில் பிறந்தான் என்று இயந்திரம் கேட்பதில்லை. ஆகவே ஊரை விட்டு வந்தவன் நாலு பேரையும் விட்டு வந்துவிட்டான் என்றே எண்ணத் தோன்றும்.

ஆனால் அந்த நாலு பேரும் அதே பேருந்தில் ஏறி வந்துவிட்டார்கள்.

வாடகை வீட்டின் வாசலில்

தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வரும் ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். வீடு கேட்டு ஒரு வாசலில் நிற்கிறான். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, தண்ணீர் எப்போது வரும் என்று பேசி முடிகின்றது. பிறகு வீட்டுக்காரர் மெல்லக் கேட்கிறார்: "தம்பிக்கு எந்த ஊர்? ஊரிலே எந்தப் பக்கம்?" பதில் போதவில்லையென்றால், "நீங்க என்ன ஆளுங்க?" என்றே கேட்டுவிடுவார். உண்மையைச் சொன்னால் வீடு இல்லை என்பதை அவன் முன்பே கற்றிருக்கிறான். எனவே பொய் சொல்கிறான்.

அந்தப் பொய் அன்றோடு முடிவதில்லை. ஊரிலிருந்து தாய் வந்தால் அவள் பேச்சில் எதுவும் வெளிப்பட்டுவிடக் கூடாதே என்று அஞ்சவேண்டும். தான் போற்றும் தலைவரின் படத்தைச் சுவரில் மாட்ட முடியாது. கறி சமைத்தால் கதவைச் சாத்தவேண்டும். கூட வேலை செய்யும் நண்பன் உறவினர் பெயரைக் கேட்டால் பேச்சை மாற்றவேண்டும். பகலெல்லாம் துல்லியமான அளவுகளில் உறுப்புகளைச் செய்து கொடுப்பவன், மாலையில் தன்னைப் பற்றி ஒரு வாக்கியத்தையும் அச்சமின்றிச் சொல்ல முடியாதவனாகின்றான்.

கிறித்தவராகிவிட்ட தலித் மக்களின் நிலை இன்னும் இக்கட்டானது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிவாக்கப்பட்டது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் விரிவாக்கப்படவில்லை. தெருவில் சாதி அவர்களை விடுவதில்லை. சட்டமோ அவர்களுக்குச் சாதியில்லை என்கின்றது. ஆகவே ஆலயத்தில் ஒரு பெயரும் சான்றிதழில் மற்றொரு பெயருமாக வாழ்வோர் உண்டு. திருமுழுக்குப் பெற்று ஆலயம் சென்றுவரும் ஒருவர் சலுகைக்காக மட்டும் தம்மை இந்து என்று கூறிக்கொள்வது அரசமைப்பின் மீது இழைக்கப்படும் மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. மோசடி என்ற சொல் கடுமையானது. அந்த இரண்டு பெயர்களுக்கு இடையில் ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது எது என்ற வினாவுக்கும் அதே கடுமையோடு விடை தேடவேண்டாமா?

"நீ நீயாக இரு, உண்மையை மறைக்காதே" என்று இவர்களுக்கு அறிவுரை சொல்வது எளிது. மேடைகளிலும் மறையுரைகளிலும் இதைக் கேட்டிருக்கிறோம். நாம் இங்கே மாறுபடுகிறோம். தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் குளிர் காய்ந்துகொண்டிருந்த பேதுருவை நினைத்துப் பாருங்கள். அவரது பேச்சு வழக்கே அவர் கலிலேயர் என்று காட்டிக்கொடுத்தது. உயிருக்கு அஞ்சியவர் மும்முறை மறுதலித்தார். பின்னர் வெளியே போய் அழுதார். அவரை ஆண்டவர் தள்ளிவிடவில்லை. அதே இரவு கழிந்து விடிந்தபோது பிலாத்து என்னும் ஆளுநர், குற்றமில்லை என்று தாமே கண்ட ஒருவரைக் கூட்டத்தின் கூச்சலுக்கு அஞ்சிக் கையளித்தார். அவரிடம் படை இருந்தது, அதிகாரம் இருந்தது, ஆனால் துணிவில்லை. அஞ்சி மறைத்த ஏழை மீனவரும், அதிகாரத்தை வைத்துக்கொண்டு கைகழுவிய ஆளுநரும் ஒரே தட்டில் நிறுக்கத் தக்கவர்கள் அல்லர்.

தனக்கு உண்மையாயிருக்கும் கடமை முதலில் யாருக்கு உரியது? இழப்பதற்கு இருப்பு உள்ளவர்களுக்கு உரியது. வீடு தேடுபவனுக்கு முன் வீட்டுக்காரருக்கு. பிள்ளைகளுக்கு முன் பெற்றோருக்கு. தொழிலாளிக்கு முன் தலைவருக்கு. நாமோ அதைத் தலைகீழாக்கி, எளியவரிடம் துணிவைக் கேட்கிறோம். வலியவர் அஞ்சினால் "அவருக்கும் சமூகத்தில் ஒரு பெயர் இருக்கிறதே" என்று இரக்கம் காட்டுகிறோம்.

காவிரியில் எறியப்பட்டவர்கள்

அந்த இரக்கத்தின் விலை என்ன? ஓசூரை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவரும் இளம்பெண் ஒருவரும் 2018 ஆகஸ்டில் மணம் செய்துகொண்டனர். அவர் தலித்; அப்பெண் வேறு சாதியினர். இருவரும் ஊரை விட்டு வந்து ஓசூரில் குடியிருந்தனர். நவம்பரில் கடத்தப்பட்டனர். கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்தில், சிவனசமுத்திரம் அருகே, கைகால்கள் கட்டப்பட்ட நிலையில் அவர்களுடைய உடல்கள் காவிரியிலிருந்து எடுக்கப்பட்டன. பெண்ணின் தந்தையும் உறவினர்களும் கைது செய்யப்பட்டனர். அந்த ஆறுதான் பிறகு நம் மாவட்டத்தின் எல்லையைத் தொட்டு ஒகேனக்கல்லுக்குப் பாய்கின்றது.

வயது வந்த இருவர் மனமொத்து மணப்பதற்குக் குடும்பத்தின் இசைவோ சாதியின் இசைவோ தேவையில்லை என்றும், அவர்களைக் காக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்றும், பாதுகாப்பான தங்குமிடம் அமைப்பது பற்றி அரசுகள் எண்ணவேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் கூறியிருந்தது. தீர்ப்பு வெளிவந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன.

அதோடு நின்றதா? 2023 மார்ச்சில் கிருட்டிணகிரி அணைப் பகுதியில், காதலித்து மணந்த இளைஞர் ஒருவர் பட்டப்பகலில் சாலையில் வெட்டிக் கொல்லப்பட்டார். பெண்ணின் தந்தை கைதானார். ஒரு மாதம் கழியுமுன் ஏப்ரலில், ஊத்தங்கரை அருகே, தலித் பெண்ணை மணந்த ஒருவர் வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். தடுக்க முயன்ற பாட்டியும் மாண்டார், மருமகள் படுகாயமுற்றார். கைதானவர் கொல்லப்பட்ட இளைஞரின் தந்தை. அந்த மூதாட்டி அவருக்கே தாய்.

இவற்றைக் கௌரவக் கொலைகள் என்று முன்பு அழைத்தோம். இப்போது ஆணவக் கொலைகள் என்கிறோம். பெயரை மாற்றியது சரியே. ஆனால் ஆணவம் ஒரு தனிமனிதனின் நெஞ்சில் தானாக முளைப்பதன்று. "இனி ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பேன்" என்று ஒரு தந்தை குமுறும்போது, அவர் கண்முன் நிற்பது மகளின் முகமன்று. தேநீர்க் கடையில் சிரிக்கப்போகும் முகங்கள். திருவிழாவில் முதல் மரியாதை போய்விடுமே, பங்காளி வீட்டுச் சடங்குக்கு அழைப்பு வராதே என்ற அச்சம். பெற்று வளர்த்த பாசத்தை அந்த அச்சம் வென்றுவிடுகின்றது. "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற கேள்வி சவரன் கணக்கில் தொடங்கி இங்கே வந்து முடிகின்றது.

கொலைக்குப் பிறகு அந்த நாலு பேர் எங்கே போனார்கள்? எந்தக் குற்றப்பத்திரிகையிலும் அவர்கள் பெயர் இடம்பெறுவதில்லை. சிறைவாசலில் காத்திருப்பவள் மனைவி மட்டுமே. ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றுவது குறித்துப் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. சட்டம் தேவை, அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தேநீர்க் கடைச் சிரிப்பை எந்தச் சட்டப் பிரிவு தண்டிக்கும்? அதை நாம்தான் நிறுத்தவேண்டும்.

தொரப்பள்ளியில் பிறந்தவர்

"இந்த மண்ணில் இதுதான் வழக்கம், இங்கே வேறு விதமாக வாழ இயலாது" என்பார் உளர். அவர்களுக்கு இந்த மண்ணிலிருந்தே ஒரு விடை இருக்கின்றது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்து, ஓசூர்ப் பள்ளியில் பயின்று, விடுதலை பெற்ற இந்தியாவின் தலைமை ஆளுநர் பதவிவரை உயர்ந்த இராசாசியைச் சொல்கிறோம்.

அவருடைய மகள் இலட்சுமியும் காந்தியடிகளின் மகன் தேவதாசும் ஒருவரையொருவர் விரும்பினர். பெண் வைணவ அந்தணர். ஆண் வணிகச் சமூகத்தவர். சாத்திரம் பேசுவோர் எவ்வகையிலும் ஏற்காத இணைப்பு அது. தந்தையர் இருவரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. பிள்ளைகளைச் சில ஆண்டுகள் பிரிந்து காத்திருக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் காத்திருந்தார்கள், மனம் மாறவில்லை. 1933 ஜூன் 16 அன்று புனேயில் திருமணம் நடந்தது. தொரப்பள்ளியில் பிறந்த ஒரு தந்தை 1933இல் செய்ய முடிந்ததை, அதே ஓசூர் வட்டாரத்தில் எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் ஒரு தந்தையால் செய்ய முடியவில்லை. அவருக்கு மட்டும் ஊர் இல்லையா? உறவு இல்லையா? நாலு பேர் இல்லையா? நமக்கு உள்ளதைவிட அதிகமாகவே இருந்தனர்.

1942இல் அவர் செய்ததும் நினைக்கத் தக்கது. முசுலிம் லீக்கின் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்றுப் பேசினால்தான் விடுதலைக்கு வழி பிறக்கும் என்று அவர் கருதினார். அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரசுக் குழுவில் அவருடைய தீர்மானம் 15 வாக்குகள் பெற்றது; எதிர்த்தவை 120. அதே ஆண்டு காங்கிரசிலிருந்தும் சட்டமன்ற உறுப்பினர் பதவியிலிருந்தும் விலகினார். ஆகஸ்டுப் போராட்டத்தில் தோழர்களெல்லாம் சிறை சென்றபோது அவர் வெளியே இருந்தார். துரோகி என்ற வசை ஊரெல்லாம் கேட்டது. அவர் தம் கருத்தை மாற்றவுமில்லை, காந்தியடிகள்பால் கொண்ட அன்பை விடவுமில்லை. 1944 செப்டம்பரில் காந்தியடிகள் ஜின்னாவோடு பேசச் சென்றபோது எடுத்துச் சென்றது இராசாசியின் திட்டத்தையே. அப்பேச்சு வெற்றி பெறவில்லை. அது வேறு செய்தி.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். தனித்து நின்றதாலேயே ஒருவர் செய்தது சரியாகிவிடாது. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவரும், எதிர்த்தவர்களைச் சிறைக்கு அனுப்பியவரும் இதே இராசாசிதான். 1953இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தனர், எதிர்த்தது நியாயமே. மறு ஆண்டு அவர் பதவி விலகினார். அத்திட்டமும் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. உறுதி வேறு, பிடிவாதம் வேறு. எளிய பிள்ளைகளின் வாழ்வைப் பிறர் தலையில் எழுதும்போது நம் உறுதியைப் பலமுறை உரசிப் பார்க்கவேண்டும். பின்னாளில், 1965இல், இந்தித் திணிப்பை எதிர்த்தவர்களின் பக்கம் அவர் நின்றார். மனச்சான்றின்படி நடப்பவர் மாறக்கூடாதென்பதில்லை. கைத்தட்டலுக்காக மாறக்கூடாது.

ஊரோடு ஒத்து வாழ்வது

இனி நம்மை மறுப்போரின் வாதத்துக்கு வருவோம். மனிதன் தனியே வாழும் உயிரன்று. ஊரோடு ஒத்து வாழவேண்டும் என்று மூத்தோர் சொன்னது பொய்யா என்று கேட்பர். பொய்யன்று. ஏரி தூர்வாரவும், தீ அணைக்கவும், பிணம் தூக்கவும் ஊர் வேண்டும். நாலு பேர் வேண்டும் என்ற சொல்லே அந்தக் கடைசித் தேவையிலிருந்து பிறந்ததாக நம் முதியோர் சொல்வதுண்டு. அயலாரின் துன்பத்தில் தோள் கொடுக்கும் நாலு பேரை நாம் மறுக்கவில்லை, அவர்களை வணங்குகிறோம். தோள் கொடுக்க வராமல் தீர்ப்புச் சொல்ல மட்டும் வருபவர்களையே மறுக்கிறோம்.

பெற்றோர் மனம் நோகலாமா என்பது அடுத்த கேள்வி. பெற்றோரின் அனுபவத்தைப் பிள்ளைகள் கேட்கவேண்டும். காத்திருக்கச் சொன்னால் காத்திருக்கலாம். இலட்சுமியும் தேவதாசும் காத்திருந்தார்கள். ஆனால் "எங்களுக்கு இதில் ஐயம் இருக்கின்றது" என்று பெற்றோர் சொல்வது வேறு. "ஊர் சிரிக்கும்" என்று சொல்வது வேறு. முன்னதில் பிள்ளையின் வாழ்வு இருக்கின்றது. பின்னதில் பிள்ளையே இல்லை.

நம் திருச்சபையும் இக்கேள்விக்கு வெளியே நின்றுவிட முடியாது. ஒரே திருப்பந்தியில் அமர்ந்து எழுந்தவர்கள் கல்லறையில் சுவர் எழுப்பிப் பிரிந்துகிடந்த ஊர்கள் தமிழகத்தில் உண்டு. தேர்ப்பவனி எந்தத் தெருவுக்குள் போகும், எந்தத் தெருவுக்குள் போகாது என்று சண்டையிட்ட பங்குகள் உண்டு. அங்கெல்லாம் பெரியோர் பலர் அது தவறென்று அறிந்திருந்தனர். அறிந்தும், "மக்கள் மனம் புண்படும்" என்று வாளாவிருந்தனர். எந்த மக்கள்? சுவருக்கு அப்பால் புதைக்கப்பட்டவர்களின் மனம் கணக்கில் வரவில்லை. பிலாத்து கழுவிய தண்ணீர் இன்னும் நம் கைகளில் காயவில்லை என்றே சொல்லவேண்டியிருக்கின்றது.

நம்மிடம் தொடங்குவது

ஆகவே இளைஞரைப் பார்த்து "துணிந்து நில்" என்று சொல்லுமுன் நாம் செய்யவேண்டியவை சில. வீடு வாடகைக்கு விடுபவராயின், வாடகையையும் முன்பணத்தையும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்வோம். வாசலில் நிற்பவனைப் பொய் சொல்லவைக்கும் அந்த ஒரு கேள்வியைக் கேட்காதிருப்போம். பெற்றோராயின், மகளோ மகனோ நெஞ்சில் உள்ளதைச் சொல்ல வரும்போது, முதலில் அவர்கள் முகத்தைப் பார்ப்போம். தெருவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பங்கில் பொறுப்பு வகிப்பவராயின், தவறென்று அறிந்ததைத் தவறென்று கூட்டத்திலேயே சொல்வோம். கூட்டம் முடிந்தபின் தனியே வந்து "நீங்கள் சொன்னது சரிதான்" என்று காதில் ஓதும் வழக்கத்தை விடுவோம்.

இதற்கு விலை உண்டு. அழைப்பிதழ்கள் குறையும். சிலர் பேச்சை நிறுத்துவர். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது நாம் அறிந்ததே. ஆனால் இந்த விலை, கைகால்கள் கட்டப்பட்டு ஆற்றில் எறியப்பட்ட இருவர் கொடுத்த விலையோடு ஒப்பிடத் தக்கதா?

இறுதியாக ஒன்று. நாலு பேரைப் பற்றி இதுவரை பிறரைப்போலப் பேசிவிட்டோம். அண்டை வீட்டில் ஒரு பெண் தன் விருப்பப்படி மணந்தாள் என்று செய்தி வரும் நாளில், அந்த வீட்டுத் தந்தை தெருவில் இறங்கி நடக்கும்போது, திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் அமர்ந்திருப்பவர் யார்? நாம்தான். அவர் அஞ்சும் அந்த நாலு பேர் நாமே. அன்று நாம் எழுந்து சென்று, "மகள் நன்றாக இருக்கிறாளா? ஒரு நாள் அழைத்து வாருங்கள்" என்று கேட்டுவிட்டால் ஓர் உயிர் தப்பலாம்; ஒருவேளை மூன்று.